கிணற்று நீரில் 12 பெக்கரல் ட்ரிடியம்: குடிக்கலாமா?

கேள்வி: எங்கள் வீடு ஓர் அணுமின் நிலையத்திலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி, அந்த நிலையம் நீர் எடுக்கும் ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. கிணற்று நீரைத்தான் குடிக்கிறோம். நிலையத்தின் சுற்றுச்சூழல் ஆண்டறிக்கையில் எங்கள் பகுதிக் கிணறு ஒன்றில் ‘ட்ரிடியம்: லிட்டருக்கு 12 பெக்கரல்’ என்றும், சீசியம்-137-க்கு நேராக ‘கண்டறியும் அளவுக்குக் கீழே’ என்றும் இருக்கிறது. எல்லாமே வரம்பைவிட மிகக் குறைவு என்று கீழே ஒரு வரி. இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா? தினமும் அவ்வளவு ஆற்று நீரை இழுத்துத் திரும்ப விடுகிறார்களே, அது உலைக்குள் போய்வந்த நீரா?

பதில்:

அறிக்கையில் உள்ள அளவை வைத்துச் சொன்னால், குடிக்கலாம். ஆனால் அந்த 12 எங்கிருந்து வந்தது என்று நிலையத்திடம் கேட்டாக வேண்டும். உடம்புக்கு ஆபத்தில்லை என்பதும், கேட்க ஒன்றுமில்லை என்பதும் ஒன்றல்ல. ஆண்டறிக்கைகள் பெரும்பாலும் முதலாவதைச் சொல்லிவிட்டு இரண்டாவதையும் சேர்த்து முடித்துவைக்கப் பார்க்கும்.

உடம்புக் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். பெக்கரல் என்பது கதிரியக்கத்தின் அளவு: வினாடிக்கு ஓர் அணு சிதைந்தால் ஒரு பெக்கரல். ட்ரிடியம் ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவம். அதன் பீட்டா கதிருக்கு வலு மிகக் குறைவு. தோலின் மேற்படலத்தைக்கூடத் தாண்டாது. உள்ளே போனால்தான் கணக்கு. உள்ளே போனதிலும் பாதி சுமார் பத்து நாளில் சிறுநீரிலும் வியர்வையிலும் வெளியேறிவிடும். நாளுக்கு 2 லிட்டர் வீதம் ஓராண்டு குடித்தால் 8,760 பெக்கரல் உள்ளே போகிறது. அது பெரியவர் ஒருவருக்குத் தரும் கதிர்வீச்சு அளவு சுமார் 0.00016 மில்லிசீவர்ட். மண், பாறை, வானம், உணவு என்று இயற்கையிலிருந்தே உலக சராசரியாக ஒருவர் ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் வாங்குகிறார். அதில் பதினையாயிரத்தில் ஒரு பங்கு இது. கைக்குழந்தைக்கு ஒவ்வொரு பெக்கரலும் மூன்று, நான்கு மடங்காகக் கணக்கில் வரும். அப்படி வைத்தாலும் முடிவு மாறாது.

குடிநீரில் ட்ரிடியத்துக்கு உலக சுகாதார அமைப்பு தரும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10,000 பெக்கரல். அமெரிக்காவின் வரம்பு 740. ஐரோப்பிய ஒன்றியம் 100 என்று வைத்திருக்கிறது. இந்த 100 ஆபத்துக் கோடு அல்ல. தாண்டினால் காரணத்தைத் தேடு என்று சொல்லும் கோடு. என்னைக் கேட்டால் இந்த மூன்றில் அதுதான் புத்திசாலித்தனமான அணுகுமுறை.

வீட்டில் சிலர் தண்ணீரைக் கொதிக்கவைக்கலாம், வடிகட்டி வாங்கலாம் என்று நினைப்பார்கள். ட்ரிடியம் தண்ணீரில் கரைந்து கிடக்கும் அழுக்கல்ல, தண்ணீர் மூலக்கூறாகவே இருப்பது. கொதித்தாலும் போகாது, ஆர்.ஓ. சவ்வும் பிரிக்காது. அதற்காகக் காசு செலவழிக்க வேண்டாம்.

சரி, இப்போது அந்த 12-க்கு வருவோம். வானத்துக் காஸ்மிக் கதிர்கள் காற்று மண்டலத்தில் ட்ரிடியத்தை எப்போதும் உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. 1950-60களின் அணுகுண்டுச் சோதனைகளும் ஏராளமாகக் கொட்டின. ஆனால் அதன் அரை ஆயுள் (பாதி அழிந்துபோகும் காலம்) 12.3 ஆண்டுதான் என்பதால் அந்தப் பழைய சரக்கு பெரும்பாலும் கரைந்துவிட்டது. இன்றைய மழைநீரில் பொதுவாக லிட்டருக்கு ஒரு பெக்கரலை ஒட்டித்தான் இருக்கும். பல காலம் பூமிக்குள் கிடந்த ஆழ்நீரில் அதுவும் இருக்காது. ஆகவே உங்கள் பகுதிக் கிணற்றில் 12 என்றால், அது பெரும்பாலும் நிலையத்திலிருந்து வந்தது என்றே வைத்துக்கொள்ளலாம். இதை மறைத்துப் பேசுவதில் யாருக்கும் லாபமில்லை.

வந்த வழி பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். அனுமதியோடு ஆற்றில் விடப்படும் கழிவுநீரில் ட்ரிடியம் உண்டு. ஆற்றங்கரைக் கிணறுகளுக்கு ஆற்று நீர் ஊறும்போது அதுவும் சேர்ந்து வரும். அப்படியானால் ஆற்றிலும் கிட்டத்தட்ட அதே அளவோ, சற்றுக் கூடவோ இருக்க வேண்டும். அறிக்கையில் ஆற்று நீர் அட்டவணையைத் திருப்பிப் பாருங்கள். ஆற்றில் 2, கிணற்றில் 12 என்று இருந்தால் கதை வேறு. அப்போது நிலத்தடியில் எங்கோ கசிவு இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

இது கற்பனைக் கவலை அல்ல. அமெரிக்காவில் இலினாய் மாநிலத்து பிரெய்ட்வுட் நிலையத்தில், கழிவுநீரை ஆற்றுக்குக் கொண்டுபோகும் புதைகுழாயின் வால்வுகள் 1990களின் பிற்பகுதியிலிருந்து பலமுறை கசிந்தன. ட்ரிடியம் பக்கத்து நிலங்களின் நிலத்தடி நீருக்குள் போயிருந்தது. விஷயம் பொதுமக்களுக்குத் தெளிவாகத் தெரிந்தது 2005-06 வாக்கில்தான். உலை நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. கோளாறு வெறும் குழாயில். அதன் பிறகே அந்நாட்டு நிலையங்கள் வளாகத்துக்குள் நிலத்தடி நீர்க் கண்காணிப்புக் கிணறுகளை விரிவாக வெட்டத் தொடங்கின. உங்கள் நிலையத்தில் அப்படிப்பட்ட கிணறுகள் எத்தனை, அவை புதைகுழாய்களின் தடத்தை ஒட்டி இருக்கின்றனவா, அவற்றின் அளவீடு என்ன என்று எழுதிக் கேளுங்கள். வேலிக்கு வெளியே உள்ள கிணற்றின் எண் மட்டும் கிடைத்தால் பாதிக் கதைதான் கையில் இருக்கிறது.

ட்ரிடியம் தண்ணீரோடு தண்ணீராக, தண்ணீரின் வேகத்திலேயே ஓடும். உலையில் உண்டாகும் மற்ற கதிரியக்கப் பொருள்களில் சீசியம் களிமண்ணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும்; ஸ்ட்ரான்ஷியம் இடையில் மெதுவாக நகரும். கசிவு ஒன்று இருந்தால் முதலில் வந்து சேர்வது ட்ரிடியம்தான். அதனால் அதே கிணற்றில் ஸ்ட்ரான்ஷியம்-90-ஐயும் சோதித்தார்களா என்று கேட்பது நியாயம்.

உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில்: இல்லை, இழுக்கும் ஆற்று நீர் உலையைத் தொடுவதில்லை. பெரும்பாலான நிலையங்களில் மூன்று சுற்று நீர் இருக்கிறது. உலையைச் சுற்றி ஓடும் நீர் மூடிய குழாய்க்குள்ளேயே சுழலும். அது தன் வெப்பத்தை நீராவி உற்பத்திக் கலத்தில் இரண்டாவது சுற்றுக்குக் கொடுக்கும். அங்கே உண்டாகும் ஆவி டர்பைனைச் சுற்றும். வேலை முடிந்த ஆவியைக் கண்டென்சரில் மீண்டும் நீராக்குவதற்குத்தான் ஆற்று நீர். கொதிநீர் உலை வகையில் உலையிலேயே ஆவி உண்டாகி டர்பைனுக்குப் போகும் என்பதால் ஒரு சுற்று குறைவு. ஆனாலும் கண்டென்சரின் குழாய்ச்சுவர் இடையில் இருக்கிறது. கண்டென்சரின் ஆவிப்பக்கம் கிட்டத்தட்ட வெற்றிட அழுத்தத்தில் இயங்குவதால், குழாயில் ஓட்டை விழுந்தாலும் ஆற்று நீர்தான் உள்ளே உறிஞ்சப்படும். உள்ளிருப்பது வெளியே வராது.

அப்படியானால் திரும்பும் நீர் சுத்தமா? முழுக்க அல்ல. சுத்திகரிக்கப்பட்ட திரவக் கழிவை வெளியேற்றும் பாதையும் பெரும்பாலும் இதே குளிர்விப்பு நீர்க் கால்வாய்தான். கழிவைத் தொட்டியில் சேர்த்து, மாதிரி எடுத்துச் சோதித்து, வரம்புக்குள் இருந்தால் அந்தப் பெரும் நீரோட்டத்தில் கலந்து விடுவார்கள். கலந்தால் அடர்த்தி குறையும், மொத்த அளவு குறையாது. அதனால் அறிக்கையில் ‘லிட்டருக்கு எவ்வளவு’ என்பதோடு ‘ஆண்டுக்கு மொத்தம் எவ்வளவு பெக்கரல்’ என்பதையும் பார்க்க வேண்டும். கனநீர் உலை (கனமான ஹைட்ரஜன் கொண்ட நீரில் இயங்கும் வகை) என்றால் ட்ரிடியம் இயல்பிலேயே அதிகமாக உண்டாகும். வேறு வகை நிலையத்தோடு அந்த எண்ணை ஒப்பிடாதீர்கள்.

இன்னொரு நுணுக்கம். தொட்டிக் கழிவைத் தொடர்ச்சியாக விடுவதில்லை, அவ்வப்போதுதான் விடுவார்கள். ஆற்றில் மாதம் ஒருமுறை ஒரு பாட்டிலில் மொண்டு எடுத்த மாதிரி அந்த நேரத்தைத் தவறவிட்டிருக்கலாம். தானியங்கிக் கருவி சிறிது சிறிதாகத் தொடர்ந்து சேகரித்த கூட்டு மாதிரியா, ஒரே தடவை மொண்ட மாதிரியா என்று அறிக்கையில் குறிப்பு இருக்கும். தேடிப் பாருங்கள்.

ஆற்றைப் பொறுத்தவரை, நாள்தோறும் நடக்கும் பெரிய மாற்றம் கதிரியக்கம் அல்ல, வெப்பம். அணு உலையின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகும். 1,000 மெகாவாட் நிலையம் ஏறக்குறைய 2,000 மெகாவாட் வெப்பத்தை வெளியே தள்ளியாக வேண்டும். அந்த வெப்பத்தை ஓடும் நீரிலேயே விட்டு, நீரின் சூடு 10 டிகிரி மட்டும் ஏற வேண்டும் என்றால் வினாடிக்குச் சுமார் 48,000 லிட்டர் தேவை. எடுத்த நீரில் பெரும்பகுதி திரும்பிவிடும், ஆனால் சூடாக. குளிரூட்டும் கோபுரம் கட்டினால் எடுக்கும் நீர் வெகுவாகக் குறையும். அப்புறம் இழப்பு கூடும்: அதே நிலையம் மணிக்கு 20 முதல் 25 லட்சம் லிட்டர் நீரை ஆவியாக வானத்துக்கு அனுப்பும். ஆகவே ‘எடுத்தது’, ‘திரும்ப வராதது’ என்று இரண்டு எண்கள் உண்டு. நிலையத்தின் பிரசுரம் எதைச் சொல்கிறது, எதிர்ப்பாளர்களின் துண்டறிக்கை எதைச் சொல்கிறது என்று கவனித்தால், ஒவ்வொருவரும் தமக்குச் சாதகமானதை எடுத்துக்கொள்வது தெரியும். அமெரிக்கப் பாலைவனத்தில் இருக்கும் பாலோ வெர்டே நிலையம் அருகில் ஆறோ கடலோ இல்லாமல், நகரங்களின் சுத்திகரித்த கழிவுநீரிலேயே குளிர்விப்பை நடத்துகிறது. வழி இல்லாமல் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகக் கரையும். கோடையில் மீன்களுக்கு அது பாரம். அதனால்தான் ஆற்று வெப்பத்துக்கும் வரம்பு உண்டு. 2010 கோடையில் அமெரிக்காவின் டென்னசி ஆறு சூடேறியதால் பிரௌன்ஸ் ஃபெர்ரி நிலையம் உற்பத்தியைக் குறைக்க நேர்ந்தது. பிரான்சில் கரோன், ரோன் ஆற்றங்கரை நிலையங்களுக்கு இது கோடையில் அடிக்கடி எழும் பிரச்சினை. 2003 வெப்ப அலையின்போது அங்கே சில நிலையங்களுக்கு வரம்பில் விலக்கு அளித்தார்கள். உங்கள் நிலையத்துக்கு எப்போதாவது அப்படி விலக்கு கொடுத்தார்களா என்பது கேட்க வேண்டிய கேள்வி. மீன் குஞ்சுகள் உறிஞ்சப்படுவது, குழாயில் பாசியும் சிப்பியும் படியாமலிருக்கக் குளோரின் சேர்ப்பது ஆகியவையும் கண்காணிப்பில் வரவேண்டியவை.

‘கண்டறியும் அளவுக்குக் கீழே’ என்பதற்குப் பூஜ்யம் என்று அர்த்தமில்லை. கருவியால் பார்க்க முடியவில்லை என்று அர்த்தம். மூட்டைத் தராசில் மோதிரத்தை வைத்தால் முள் அசையாது. அந்தத் தராசு எவ்வளவு நுட்பமானது என்பதைச் சொல்லும் எண் அறிக்கையில் எங்கோ இருக்கும். அது இல்லாத ‘கீழே’ எதையும் சொல்வதில்லை. அதேபோல் நீரில் சீசியம் தெரியவில்லை என்றால் அங்கே நிறுத்தாதீர்கள். அது ஒட்டிக்கொள்ளும் இடமான ஆற்றுச் சேற்றின் அட்டவணையைப் பாருங்கள். சேற்றில் கொஞ்சம் சீசியம்-137 தெரிந்தாலும் உடனே பதற வேண்டாம். குண்டுச் சோதனைகளின் எச்சம் இன்னும் உலகெங்கும் மண்ணில் இருக்கிறது. நிலையம் தொடங்குவதற்கு முன் எடுத்த அளவு, ஆற்றின் மேல்பகுதியில் நிலையத்தின் தாக்கம் படாத இடத்து அளவு ஆகிய இரண்டோடும் ஒப்பிட்டால்தான் எது புதிது என்று தெரியும். இந்த ஒப்பீட்டை விட்டுவிட்டு வரம்போடு மட்டும் ஒப்பிடும் அறிக்கை எனக்குத் திருப்தி தருவதில்லை. பத்து வருட எண்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். 12, 11, 13 என்று போனால் ஒன்று. 3, 6, 12 என்று ஏறினால் வேறு. வரம்பு இரண்டுக்கும் ஒரே பதிலைத்தான் சொல்லும்.

ஒழுங்காகச் செய்தால் கண்காணிப்பின் கண் கூர்மையானது. 1986 ஏப்ரல் 28 அன்று செர்னோபில் விபத்தின் தூசியை மேற்கு நாடுகளுக்குக் காட்டிக்கொடுத்தது ஸ்வீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையம்தான். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், ஊழியர் ஒருவரின் காலணியைச் சோதித்த கருவி அலறியதில் தொடங்கியது அது.

சொந்தமாகச் சோதிக்க விரும்பினால், ஆய்வகத்திடம் ‘ட்ரிடியம் பார்ப்பீர்களா’ என்று மட்டும் கேட்காதீர்கள். லிட்டருக்கு எத்தனை பெக்கரல்வரை கண்டறிவீர்கள் என்று கேளுங்கள். சுமார் 5 அல்லது அதற்குக் கீழே போக முடியாதவர்களிடம் கொடுத்தால் உங்கள் 12-ஐப் பற்றி நம்பகமாக எதுவும் தெரியாது. கிணற்றைச் சிறிது நேரம் இறைத்துவிட்டு, சுத்தமான பாட்டிலில் காற்றுக்கு இடம் இல்லாமல் வாய்வரை நிரப்பி, இறுக மூடுங்கள். ட்ரிடிய மாதிரியில் அமிலம் சேர்க்கக் கூடாது. அதே நாளில் ஆற்று நீரையும், நிலையத்துக்கு மேல்பக்கம் உள்ள ஒரு கிணற்று நீரையும் தனித்தனியாக எடுத்து மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள்.