ஐப்பசியில் இறுகி, பங்குனியில் இரையும் பியானோ

கேள்வி: கும்பகோணத்துக்கு அருகே கிராமத்தில், முற்றம் வைத்த பழைய வீடு எங்களுடையது. மகளுக்காகச் சென்னையிலிருந்து ஒரு பழைய அப்ரைட் பியானோ வாங்கிக் கூடத்தில் போட்டோம். ஐப்பசி மழையில் ஏழெட்டுக் கட்டைகள் அழுத்தினால் மேலே எழும்பவில்லை. பயந்துபோய் படுக்கையறைக்கு மாற்றினோம். அங்கே இரவில் மட்டும் ஏசி ஓடும். இப்போது பங்குனியில் கட்டைகள் சரியாகிவிட்டன. ஆனால் சுருதி இறங்கிவிட்டது, நடுவில் ஒரு ஸ்வரம் மட்டும் இரைகிறது. ஈரம் போகப் பியானோவுக்குள் பல்பு எரியவிடச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: அம்மா, முதலில் பியானோ மேல் இருக்கும் போட்டோ, பூச்சாடி எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு அந்த ஸ்வரத்தை மறுபடி வாசித்துப் பாருங்கள். பல வீடுகளில் இரைச்சல் அதோடு நின்றுவிடும். நிற்காவிட்டால் பின்னால் இருக்கும், கம்பிகளின் ஒலியைப் பெருக்கும் நாதப் பலகையில் விரிசல் இருக்கலாம், அல்லது அதைத் தாங்கும் சட்டங்களில் ஒன்று பசை விட்டிருக்கலாம். தொழில் தெரிந்தவர் பார்க்கட்டும். விரிசல் என்றதும் கலங்க வேண்டாம். இரையாத விரிசலோடு பல வருஷம் நன்றாகப் பாடும் பியானோக்கள் உண்டு.

நான் தஞ்சாவூரில் வீணை செய்யும் குடும்பத்தில் பிறந்து, பியானோ சுருதி சேர்க்கப் போனவன். எங்கள் பலா மரம் இந்த ஊர்க் காற்றிலேயே வளர்ந்தது. பியானோவின் நாதப் பலகையோ குளிர்நாட்டு ஸ்ப்ரூஸ் மரம். ஒரு சென்டிமீட்டர்கூடத் தடிமன் இருக்காது. சுமார் 230 கம்பிகளின் அழுத்தம் அதன்மேல் இருக்கிறது. ஈரம் ஏறினால் பலகை உப்பிக் கம்பிகளை இழுக்கும், சுருதி ஏறும். காய்ந்தால் தளரும், சுருதி இறங்கும். உங்கள் வீட்டில் நடந்தது இதுதான். இதில் சுருதி சேர்த்தவர் மேல் குற்றம் இல்லை.

கட்டை இறுகுவதும் ஈரத்தால்தான். ஒவ்வொரு கட்டையிலும் இரண்டு இடத்தில் துளை இருக்கும். துளைக்குள் கம்பளித் துணி ஒட்டியிருக்கும். அதற்குள் ஒரு உலோக முளை. மழையில் மரமும் துணியும் உப்பி முளையைக் கவ்விக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் விடுவது, தேய்ப்பது எதுவும் வேண்டாம். நான் தொழிலுக்கு வந்த புதிதில் சீர்காழிப் பக்கம் ஒரு வீட்டில், கார்த்திகை மாதத்தில், இறுகிய துளைகளை உப்புத்தாள் வைத்துத் தேய்த்துக் கொடுத்துவிட்டேன். மாசியில் அத்தனை கட்டையும் லொடலொடவென்று ஆடின. துணி முழுவதையும் மாற்றித் தர வேண்டியதாயிற்று. அந்தப் பிள்ளை இரண்டு மாதம் வாசிக்காமல் இருந்தது இன்றைக்கும் எனக்கு உறுத்தல்தான்.

இப்போது ஏசிக்கு வருகிறேன். எனக்குப் பெரிய கவலை அதுதான். மரம் வெக்கையையும் தாங்கும், ஓரளவு ஈரத்தையும் தாங்கும்; தினமும் மாறி மாறி வந்தால் தாங்காது. இரவு முழுக்கக் காய்கிறது, காலையில் ஏசியை அணைத்து ஜன்னலைத் திறந்ததும் வயல் ஈரம் உள்ளே வருகிறது. உள்ளே இருக்கும் வார்ப்பிரும்புச் சட்டம் அப்போதும் சில்லென்று இருக்கும். குளிர்ந்த சொம்பில் வேர்ப்பதைப் போல அதிலும் கம்பிகளிலும் நீர் கோக்கும். துரு அங்கேதான் ஆரம்பிக்கிறது. நாள் முழுக்க ஏசி ஓட்ட முடியாது என்றால், ஏசி இல்லாத உள்ளறையே மேல்.

கூடத்துக்கும் திரும்ப வேண்டாம்; முற்றத்துச் சாரல் அடிக்கும். மழை படும் வெளிச்சுவரை ஒட்டாமல், உள்சுவர் ஓரமாக, ஒரு சாண் இடைவெளி விட்டு வையுங்கள். ஜன்னல் வெயில் படக்கூடாது. தரையைத் துடைத்தால் ஃபேன் போட்டு உடனே காயவையுங்கள். அப்புறம், அந்த அறையில் நெல் மூட்டை வேண்டாம். நெல்லுக்கு வரும் எலி, பியானோவுக்குள் இருக்கும் கம்பளியைக் கத்தரித்துக் கூடு கட்டிவிடும்.

பல்பு பழைய வழக்கம்தான், வேலையும் செய்யும். ஆனால் அது குண்டு பல்பாக இருக்க வேண்டும். இப்போதைய எல்இடி பல்பில் வேண்டிய சூடு கிடையாது. குண்டு பல்பு மரத்தையோ துணியையோ தொட்டால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. கோடையில் அணைக்க மறந்தால் பலகையைப் பிளக்கும். ஈரம் ஏறினால் தானே எரிந்து, இறங்கினால் தானே அணையும் ஹீட்டர் தண்டு பியானோவுக்கென்றே கிடைக்கிறது. அதை எலக்ட்ரீஷியனையும் பியானோக்காரரையும் சேர்த்து வைத்துப் பொருத்துங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் வயலின் பெட்டிக்குச் சரி, இவ்வளவு பெரிய திறந்த பெட்டிக்குப் போதாது.

சுருதியை இப்போது அவசரப்பட்டுச் சேர்க்காதீர்கள். புது இடத்தில் மூன்று வாரமாவது நிற்கட்டும். பிறகு வருஷத்துக்கு இரண்டு முறை, ஆடியில் ஒன்று, தை கடைசியில் ஒன்று. அடைமழையில் சேர்த்த சுருதி நிற்காது.

ஈரப்பதம் அளக்கும் ஒரு சின்ன டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் வாங்கிப் பியானோ பக்கத்தில் வையுங்கள். 40 முதல் 50 சதவீத ஈரப்பதம் நல்லது என்பார்கள். நம் ஊரில் அது கஷ்டம். 60ஐ ஒட்டி ஆடாமல் நின்றாலே எனக்குத் திருப்தி. காலையிலும் இரவிலும் என்ன காட்டுகிறது என்று மகளை ஒரு வாரம் நோட்டில் குறிக்கச் சொல்லி, எனக்கு எழுதுங்கள். தண்டு உடனே வேண்டுமா, ஐப்பசிக்குள் போட்டால் போதுமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.