சரிவை அளக்கக் கேமரா போதுமா? வாசகர் கேள்விகள்

தெம்பனிஸ் வாசகி: அம்மாவின் சக்கர நாற்காலிக்காக வாசலில் சாய்தளம் போட்டிருக்கிறோம். திறன்பேசிச் செயலி ஒருமுறை 5 டிகிரி என்கிறது, அடுத்த முறை 6. எதை நம்புவது?

இரண்டையும் விட்டுவிட்டு அளவு நாடாவை எடுங்கள். சிங்கப்பூரின் கட்டட, கட்டுமான ஆணைய விதிப்படி, 20 செ.மீ.க்கு மேல் ஏறும் சாய்தளம் 12க்கு 1 என்பதைவிடச் செங்குத்தாக இருக்கக் கூடாது. 1 செ.மீ. உயர, 12 செ.மீ. தூரம் வேண்டும் என்று பொருள். டிகிரியில் சொன்னால் 4.8. உயரம் குறைந்த படிக்கு 10க்கு 1 வரை போகலாம், அது 5.7 டிகிரி. இரண்டுக்கும் நடுவே ஒரு டிகிரிகூட இல்லை. திறன்பேசியில் ஒரு டிகிரி முன்னே பின்னே வருவதோ சர்வ சாதாரணம்.

படியின் உயரத்தையும் சாய்தளம் தரையில் அடைக்கும் தூரத்தையும் அளந்து வகுத்துப் பாருங்கள். படி 15 செ.மீ. என்றால் 180 செ.மீ. இருப்பது நல்லது. விதி அனுமதித்தாலும், தள்ளுபவரும் வயதானவர் என்றால் நான் 12க்கு 1-ஐ விட்டுக்கொடுக்கச் சொல்ல மாட்டேன். நாற்காலியோடு 80 கிலோ என்று வையுங்கள். 12க்கு 1 சரிவில் சுமார் 7 கிலோ எடையைத் தாங்கும் அளவுக்குத் தள்ள வேண்டும், 6க்கு 1 ஆனால் 13 கிலோ. இறங்கும்போது அதே பாரத்தை இழுத்துப் பிடிக்கவும் வேண்டும். கை நழுவினால் அடிபடுவது அம்மாவுக்குத்தான். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு என்றால், முதியோருக்காக வீட்டில் வசதிகள் செய்துதரும் ஈஸ் (EASE) திட்டத்தில் சாய்தளத்துக்கும் உதவி உண்டு, விசாரித்துப் பாருங்கள்.

ஜூரோங் வாசகர்: கேமராவில் பார்த்து அளப்பதா, போனையே சரிவில் வைத்து அளப்பதா?

வைத்து அளப்பதுதான் சரி. கோணத்தைச் சொல்வது கேமரா அல்ல, புவியீர்ப்பு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று உணரும் முடுக்கமானி. கேமரா உங்களுக்குக் குறி பார்க்க மட்டுமே உதவுகிறது, அங்கேதான் தவறு புகுந்துவிடுகிறது. சரிவுக்கு நேர் பக்கவாட்டில் நிற்காமல் 30 டிகிரி தள்ளி நின்றால், 10 டிகிரிச் சரிவு திரையில் 11.5 போலத் தெரியும். நீளம் குறுகித் தெரியும், உயரம் குறையாது, அதனால்தான். எட்ட முடியாத மேட்டுக்கு வேறு வழியில்லை என்றால், பக்கவாட்டில் தூரமாக நின்று, அகலக்கோண லென்ஸைத் தவிர்த்து, சரிவின் கோட்டைத் திரையின் நடுவில் வைத்துப் பாருங்கள்.

வைத்து அளக்கும்போது போனின் முதுகைத் தரையில் படுக்க வைக்காதீர்கள். 15 செ.மீ. போனில் கேமரா 3 மி.மீ. புடைத்திருந்தால் அதுவே ஒரு டிகிரிக்கு மேல் கெடுத்துவிடும். நேரான பலகை ஒன்றைச் சரிவில் போட்டு, அதன்மேல் போனின் நீண்ட விளிம்பை நிறுத்துங்கள். அப்புறம் முன்பின்னாகத் திருப்பி, அதே இடத்தில் மறுபடி அளங்கள். முதலில் 5.6, திருப்பினால் 4.4 என்றால் இரண்டின் சராசரியான 5தான் உண்மையான சரிவு.

உட்லண்ட்ஸ் வாசகர்: புக்கிட் தீமா மலைப்பாதையில் ஓரிடத்தில் என் செயலி 14 என்றது, நண்பரின் கைக்கடிகாரம் 25 என்றது.

இரண்டும் சரியாக இருக்கலாம். உங்களுடையது டிகிரி, அவருடையது விழுக்காடு, அதாவது 100 மீட்டர் கிடைத்தூரத்துக்கு எத்தனை மீட்டர் ஏற்றம் என்பது. 45 டிகிரிதான் 100 விழுக்காடு.

ஈசூன் வாசகர்: பேருந்தில் போகும்போது மேம்பாலத்தின் சரிவை அளக்கலாமா?

வேண்டாம். சாதாரணமாக பிரேக் பிடித்தாலே 5, 6 டிகிரி பொய்யாகக் காட்டும்.

புக்கிட் பாத்தோக் வாசகி: எங்கள் புளோக்குக்குப் பின்னால் உள்ள மண்மேட்டின் சரிவு 30 டிகிரி. ஆபத்தா?

கோணத்தை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது. சொல்கிறேன் என்பவரை நம்பாதீர்கள். இங்குள்ள மேட்டு மண் பெரும்பாலும் பாறை மக்கி உண்டானது. ஓரளவு காய்ந்திருக்கும்வரை தன்னை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நாள்கணக்கில் மழை ஊறினால் அந்தப் பிடி தளரும். நேற்று வரை அசையாத அதே 30 டிகிரி மேடு டிசம்பர் மழையில் சரியலாம். மேட்டின் உச்சியில் புது விரிசல், சாய ஆரம்பித்த மரம், அடிவாரத்தில் கசியும் கலங்கல் நீர், வாய்க்காலில் உடைப்பு ஆகியவற்றைத் தூரத்திலிருந்தே கவனியுங்கள். ஒன்று கண்ணில் பட்டாலும் அன்றைக்கே நகர மன்றத்திடம் சொல்லுங்கள், பிள்ளைகளை அந்தப் பக்கம் விளையாட விடாதீர்கள். போனில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: பாதுகாப்பான ஒரே இடத்தில் நின்று, தேதியோடு படம் எடுத்து வையுங்கள். விரிசல் அகலமாகிறதா என்பது அடுத்தடுத்த படங்களில் தெரிந்துவிடும்.