இங்கிலாந்தின் பழைய கிராமப்புற மாளிகைகளில் ஒன்றை மட்டும் பார்க்க நேரம் இருந்தால் எதைப் பார்க்கலாம்?

டெர்பிஷயரில் இருக்கும் ஹார்ட்விக் ஹாலைத்தான் சொல்வேன். நான் போனபோது சாயங்கால வெயில் மேற்கு முகப்பில் நேராக விழுந்துகொண்டிருந்தது. ஜன்னல்கள் அத்தனையும் தகதகத்தன. "ஹார்ட்விக் ஹாலில் சுவரைவிடக் கண்ணாடி அதிகம்" என்று ஒரு பழைய வாசகம் உண்டு. நேரில் பார்த்தால் அது மிகை இல்லை என்று தெரியும்.

கட்டியவர் ஷ்ரூஸ்பரி பிரபுவின் மனைவி எலிசபெத். ஊரார் வழக்கில் பெஸ். நான்கு முறை மணமுடித்தவர். ஒவ்வொரு மணத்திலும் சொத்தும் அந்தஸ்தும் ஏறின. 1590இல் நான்காவது கணவர் இறந்தார். பக்கத்திலேயே பெஸ்ஸின் பழைய வீட்டில் வேலை முடியாமல் இருக்க, அதே ஆண்டில் இந்தப் புது வீட்டுக்கும் அடித்தளம் போட்டார். 1597இல் குடிபுகுந்தார். வடிவமைப்பு அக்காலக் கட்டடக் கலைஞர் ராபர்ட் ஸ்மித்சனுடையது என்பது ஆய்வாளர்களின் கருத்து.

அந்தக் காலத்தில் கண்ணாடி மிக விலை உயர்ந்த பொருள். அதைச் சுவர் முழுக்கப் பதித்தால் கட்டடம் எப்படி நிற்கும்? கனமான புகைபோக்கிகளில் பெரும்பாலானவற்றை உள்சுவர்களுக்குள் கொண்டுபோய்விட்டார்கள். அதனால் வெளிச்சுவர் ஜன்னலுக்கென்றே கிடைத்தது. மேலே போகப் போக ஜன்னல்களும் உயரமாகின்றன, கவனியுங்கள். கீழே வேலையாட்களின் பகுதி, நடுவில் குடும்பம், உச்சியில் விருந்தினரை வரவேற்கும் பெரிய கூடங்கள். யாருக்கு எந்தத் தளம் என்பதை வெளியில் நின்றே படித்துவிடலாம். ஆறு கோபுரங்களின் உச்சியிலும் பெஸ் தன் பெயரின் முதலெழுத்துகளைக் கல்லில் செதுக்கி, மேலே கிரீடமும் வைத்திருக்கிறார். அந்தத் துணிச்சல் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

உள்ளே கல் படிக்கட்டு வீட்டுக்குள் வளைந்து வளைந்து ஏறி, மேல்தளத்துப் பெரிய கூடத்தில் கொண்டுபோய் விடும். அப்புறம் நீண்ட காட்சிக்கூடம். அங்கே பைபிளில் வரும் கிதியோன் என்ற வீரனின் கதையைச் சொல்லும் 13 திரைச்சீலைகள் தொங்குகின்றன. முதலாம் எலிசபெத் அரசியின் அமைச்சர் சர் கிறிஸ்டோபர் ஹேட்டனுக்காக நெய்யப்பட்டவை. அவர் இறந்த பிறகு 1592இல் பெஸ் வாங்கினார். ஹேட்டனின் குலச் சின்னங்களை மாற்றும் செலவுக்கென்று விலையில் 5 பவுண்டு குறைத்துக்கொண்டார்! பிறகு அவற்றின் மேல் தன் சின்னங்களை ஒட்டவைத்து, ஹேட்டனின் சின்னமான பெண்மான்களுக்குக் கொம்பும் வரையச் சொன்னார். இந்த 13 திரைகளையும் சீர்செய்யும் பணி 24 ஆண்டுகள் நடந்து 2023இல்தான் முடிந்தது.

இவ்வளவும் தப்பித்ததற்கு முக்கியக் காரணம், பெஸ்ஸின் வாரிசுகள் டெர்பிஷயரிலேயே இருக்கும் இன்னொரு மாளிகையான சாட்ஸ்வொர்த்தையே தலைமை வீடாக வைத்துக்கொண்டதுதான். ஹார்ட்விக்கை இடித்துப் புதுப்பிக்க யாரும் மெனக்கெடவில்லை. வாரிசு வரிக்கு ஈடாக அரசுக்குப் போன வீடு, 1959இல் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் கைக்கு வந்தது.

போனால் மதியத்துக்கு மேல் போங்கள். உள்ளே நுழையும் முன் மேற்குப் பக்கம் கொஞ்சம் தள்ளி நின்று, அந்த மூன்று வரிசை ஜன்னல்களையும் நிதானமாகப் பாருங்கள்.