கொல்லிப்பாவையும் உரலும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற வாரம் கொல்லிமலைக்குச் சென்று வந்தேன். சங்கப் பாடல்கள் சொல்லும் கொல்லிப்பாவை என்ற தெய்வப் பெண்ணுருவம், இன்று அம்மலையில் கும்பிடப்படும் எட்டுக்கை அம்மன்தானா? சாமையும் தினையும் விளைந்த மலையில் இன்று திரும்பிய பக்கமெல்லாம் மரவள்ளி. அம்மக்கள் தங்கள் மரபை இப்படிக் காசுக்கு விற்றுவிட்டது வருத்தமளிக்கிறது.

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது நான் குறுந்தொகையின் 89ஆம் பாடலைத்தான் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன். கொல்லிப்பாவையைப் போன்றவள் என்று பரணர் அதில் சொல்லும் பெண், அகன்ற அடியுடைய உரலில் குற்றியபடி வள்ளைப்பாட்டு, அதாவது உலக்கைப் பாட்டு, பாடுகிறாள். அதற்கே ‘ஏதின் மாக்கள்’, அதாவது அவளோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்கள், வாய்க்கு வந்ததைப் பேசுகிறார்கள். உங்கள் கடைசி வரி எனக்கு அவர்களைத்தான் நினைவூட்டியது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எட்டுக்கை அம்மனைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கும்பிடுகிறவர்களில் பலர் இருவரையும் ஒன்றாகவே கொள்கிறார்கள். அதில் நான் சேர்க்க ஒன்றுமில்லை. எனக்கு உரல்தான் முக்கியம்.

சில ஆண்டுகளுக்கு முன் கொல்லிமலையின் வளப்பூர் நாடு என்னும் பகுதியில் ஒரு வீட்டில் தங்கியிருந்தேன். விடிவதற்கு முன்பே அந்த வீட்டு அம்மாள் கட்டவெட்டி என்னும் சாமை வகையைக் குற்றத் தொடங்கிவிட்டார். சாமை மணி கடுகளவே இருக்கும்; உமி அதை இறுகப் பற்றியிருக்கும். ஓங்கிக் குற்றினால் அரிசி நொய்யாகிவிடும், மெல்லக் குற்றினால் உமி கழலாது. குற்றி, முறத்தில் புடைத்து, மறுபடி உரலில் இட்டு, மறுபடி புடைத்து, ஒரு வேளைச் சோற்றுக்கான அரிசி சேர்வதற்குள் வெயில் வாசலுக்கு வந்துவிட்டது. ஆர்வக்கோளாறில் நானும் உலக்கையை வாங்கி இருபது முறை குற்றினேன். மிஞ்சியது கோழிக்குப் போடும் நொய்தான்.

மரவள்ளிக்கு இந்தப் பாடெல்லாம் கிடையாது. பிடுங்கி லாரியில் ஏற்றினால் ஜவ்வரிசி ஆலைக்குப் போகிறது, கைக்குப் பணம் வருகிறது. ரேஷன் அரிசியைக் குற்ற வேண்டியதில்லை. 70 கொண்டை ஊசி வளைவுகளைக் காரில் ஏறிவந்து, செம்மேட்டில் வல்வில் ஓரி மன்னனின் சிலையோடு படம் எடுத்துக்கொண்டு இறங்கும் நாம், நம் வீட்டு ஆட்டுக்கல்லை எப்போது ஓரங்கட்டினோம் என்று யாரும் கேட்பதில்லை. அவர்கள் மட்டும் நமக்காக மரபைக் குற்றிக்கொண்டே இருக்க வேண்டுமா? எம்.எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் 1990களிலிருந்து அங்கே வேலை செய்தபோது, விதைகளைச் சேமிப்பதோடு நிற்காமல், உமி நீக்கும் சிறு இயந்திரங்களையும் பெண்களின் சுயஉதவிக் குழுக்களிடம் கொண்டு சேர்த்தது. சாமையைப் பற்றிப் பேசிய எத்தனையோ பேரில் உலக்கையைப் பற்றி யோசித்தவர்கள் சிலரே.

அன்று காலை அந்த அம்மாளிடம் நான் கேட்ட கேள்வியை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது: வள்ளைப்பாட்டு ஏதாவது தெரியுமா என்றேன். உலக்கையை நிறுத்தாமலே சிரித்தார்.

“பாட்டா? இதுல மூச்சு விடவே முடியலைங்க. கொஞ்சம் தள்ளி உட்காருங்க, உமி கண்ணுல விழும்.”