சொந்தமாகச் செய்த டிரோன்: முதல் மாதத்துச் சந்தேகங்கள்

கோடை விடுமுறை தொடங்கியதும் கேள்விகள் குவிந்துவிட்டன. பாதிப் பேர் அடுத்து எந்த மோட்டார், எந்த கேமரா வாங்கலாம் என்று கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: டிரோனின் வால் (பின்பக்கம்) உங்களைப் பார்த்திருக்க, ஒரு நிமிடம் ஒரே இடத்தில் அதை நிறுத்தி வைக்க உங்கள் கைக்கு வருகிறதா? அது வரும்வரை புதிதாக எதுவும் வாங்காதீர்கள். இந்த முறை, பறக்கப் பழகுகிறவர்கள் கேட்டவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

எஃப்450 ஃப்ரேம் (டிரோனின் எலும்புக்கூடு), 2212 அளவு மோட்டார், 1045 அளவு றெக்கை. எல்லாம் சரியாக மாட்டியும் திராட்டிலை (ரிமோட்டில் மோட்டார் வேகத்தைக் கூட்டும் குச்சி) ஏற்றியதும் குப்புறக் கவிழ்கிறது. மூன்று செட் றெக்கை உடைந்துவிட்டது.
– பாலிடெக்னிக் மாணவர், குடியாத்தம்

முதல் வேலையாக நான்கு றெக்கைகளையும் கழற்றி வையுங்கள் தம்பி. மேஜையில் டிரோன் இருக்கும்போது றெக்கை அதில் இருக்கவே கூடாது. ஈ.எஸ்.சி. (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் துண்டு) காலிபரேஷன், அதாவது அளவு சரிசெய்தல், செய்யும்போது "ஒரு நிமிஷ வேலைதானே" என்று நானும் ஒருமுறை கழற்றாமல் விட்டேன். மோட்டார் திடீரென்று முழு வேகத்தில் சுற்றியது. ஆள்காட்டி விரலில் ஐந்து தையல்.

பறக்கத் தொடங்கும் நொடியிலேயே கவிழ்ந்தால் கோளாறு பெரும்பாலும் வயரிங்கிலோ றெக்கையிலோதான். கம்ப்யூட்டரில் இணைத்து மோட்டார்களை ஒவ்வொன்றாகச் சுற்றவிடுங்கள். இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். டிரோனின் மூளையான போர்டில் ஓடுவது ஆர்டுபைலட் மென்பொருள் என்றால் ஒன்றாம் எண் மோட்டார் முன்பக்கம் வலது. பீட்டாஃப்ளைட் மென்பொருளில் அதே ஒன்றாம் எண் பின்பக்கம் வலது. ஒன்றின் படத்தைப் பார்த்து இன்னொன்றுக்கு வயர் கொடுத்தால், முன்னால் தூக்க வேண்டிய நேரத்தில் பின்னால் தூக்கும்.

அடுத்தது சுற்றும் திசை. எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டும் ஒரே திசையில் சுற்ற வேண்டும், பக்கத்தில் உள்ளது எதிர்த்திசையில். கண்ணுக்குப் பிடிபடாவிட்டால் ஒரு காகிதத் துண்டை மோட்டாரின் ஓரத்தில் லேசாகத் தொடவிடுங்கள், எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அதுதான் திசை. தப்பாகச் சுற்றினால் மூன்று வயரில் ஏதாவது இரண்டை மாற்றிக் கொடுத்தால் போதும். 1045 றெக்கையில் 'ஆர்' எழுத்து இருந்தால் அது வலப்பக்கமாகச் சுற்றுவது, இல்லாதது இடப்பக்கம். எழுத்துள்ள முகம் எப்போதும் மேலே.

கடைசியாக, போர்டில் உள்ள அம்புக்குறி டிரோனின் மூக்கைப் பார்க்கிறதா என்று பாருங்கள். டிரோனைக் கையில் எடுத்து வலது பக்கம் சாய்த்தால் திரையில் உள்ள படமும் வலது பக்கமே சாய வேண்டும். றெக்கை இல்லாமல் திராட்டில் ஏற்றும்போது ஒரு மோட்டார் வேகமாகவும் ஒன்று மெதுவாகவும் சுற்றும். அது கோளாறு இல்லை. சாய்வைச் சரிசெய்யப் போர்டு முயல்கிறது, றெக்கை இல்லாததால் அதன் பாச்சா பலிக்கவில்லை, அவ்வளவுதான்.

மொட்டை மாடியில் ஜி.பி.எஸ். மோடில் விட்டேன். நிற்காமல் வட்டம் போட்டது, வட்டம் பெரிதாகிப் பெரிதாகிப் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மோதிவிட்டது.
– வங்கி ஊழியர், காட்பாடி

திசைகாட்டிக் கோளாறு. உங்கள் மாடித் தளத்துக்குள் இரும்புக் கம்பி வலைபோல ஓடுகிறது. அதன்மேல் வைத்துக் காலிபரேட் செய்தால் வடக்கு எது என்றே டிரோனுக்குக் குழம்பிவிடும். இடத்தைப் பிடித்து நிற்க முயன்று, தப்பான திசையில் திருத்தித் திருத்தித்தான் வட்டம் போடுகிறது. வெறும் மண் தரையில், பைக்கும் செல்போனும் பக்கத்தில் இல்லாமல் மறுபடி செய்யுங்கள். ஜி.பி.எஸ். துண்டைச் சின்னக் கம்பத்தில் ஏற்றி, பேட்டரி வயர்களிலிருந்து தள்ளி வையுங்கள். மாடியில் பறக்கவிடுவதை இதோடு விட்டுவிடுங்கள். கீழே தெருவில் பிள்ளைகள் நடமாடுகிறார்கள்.

மகன் ஒன்பதாம் வகுப்பு. அவனே கட்டிமுடித்துவிட்டான். எங்கே, எப்படிப் பழகச் சொல்வது? பயமாகவும் இருக்கிறது.
– ஒரு தாய், ஆற்காடு

உங்கள் பயம் நியாயமானதுதான். கூடவே போய் நில்லுங்கள், அதுவே பாதிப் பாதுகாப்பு. பறக்கவிடுவதற்கு முன் கம்ப்யூட்டரில் சிமுலேட்டர் போட்டு, அதே ரிமோட்டை இணைத்துப் பத்து மணி நேரம் ஓட்டட்டும். அங்கே நூறு முறை விழுந்தாலும் காசு செலவில்லை.

இடத்துக்கு அலைய வேண்டாம், பாலாறு இருக்கிறது. தண்ணீர் ஓடாத நாளில், ஆள் இல்லாத மணல்திட்டாகப் பார்த்து, காலை ஆறிலிருந்து எட்டுக்குள் போங்கள். ஒரு பழைய ரெக்சின் விரிப்பை எடுத்துக்கொண்டு போங்கள். ஆற்று மணலில் கரு மணல் துகள் கலந்திருக்கும், மோட்டாருக்குள் இருக்கும் காந்தம் அதை இழுத்துக்கொள்ளும். மணலில் நேரடியாக இறக்கிய மோட்டாரைக் கையால் சுற்றிப் பாருங்கள், அம்மியில் அரைப்பதுபோல நறநறவென்று கேட்கும்.

பயத்தில் எல்லாரும் செய்யும் தப்பு, தரையிலிருந்து அரையடி உயரத்திலேயே பிடித்து வைக்கப் பார்ப்பது. றெக்கை தள்ளும் காற்று தரையில் மோதித் திரும்பி வரும் உயரம் அது. கைதேர்ந்தவர்களுக்கே அங்கே டிரோன் தள்ளாடும். தயங்காமல் இடுப்புயரத்துக்கு ஏற்றினால் தானாக அமைதியாகும். மகன் நான்கைந்து மீட்டர் பின்னால், டிரோனின் வால் அவனைப் பார்க்க நிற்கட்டும். ரிமோட்டில் மோட் ஆங்கிள் அல்லது ஸ்டெபிலைஸ் (குச்சியை விட்டால் டிரோன் தானே நேராகிவிடும் முறை). முதல் நாலு பேட்டரியும் மிதக்கவிடுவதற்கு மட்டும். அடுத்து இடது வலது, பிறகு முன் பின். மூக்கைத் தன் பக்கம் திருப்புவது கடைசிப் பாடம், அப்போது இடது வலதாகிவிடும், கை குழம்பும்.

இன்னொன்றை அவனுக்கு நூறு முறை சொல்லுங்கள்: குழம்பினால் திராட்டிலைக் கீழே இழு, விழட்டும். இடுப்புயரத்திலிருந்து மணலில் விழுந்தால் போவது ஒரு றெக்கை. காப்பாற்றுகிறேன் என்று திராட்டிலை ஏற்றினால் அது யார்மேல் போய் விழும் என்று சொல்ல முடியாது. இரண்டு மூங்கில் குச்சியைக் குறுக்காகக் கட்டி, நாலு முனையிலும் பிளாஸ்டிக் பந்து செருகி அடியில் மாட்டினால் கவிழ்வது பெரிதும் குறையும். என்னிடம் பழகுகிற எல்லாருக்கும் முதல் வாரம் இதுதான்.

லைசென்ஸ் வேண்டுமா? எங்கள் வீட்டுக்குப் பின்னால் காலி மைதானம் இருக்கிறது.
– கல்லூரி மாணவர், அரக்கோணம்

2021 டிரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ வகை. உங்களுடையதும் எஃப்450 என்றால் பேட்டரியோடு ஒரு கிலோவைத் தாண்டும், ஆகவே அது மைக்ரோ. வணிக நோக்கம் இல்லாமல் ஓட்ட பைலட் உரிமம் தேவையில்லை. பொழுதுபோக்குக்காகக் கண்பார்வைக்குள் ஓட்டும் டிரோனுக்கு வகைச் சான்றிதழும் (அந்த டிரோன் மாதிரிக்கான அரசுச் சான்று) வேண்டாம். ஆனால் பதிவு எண் வாங்க வேண்டும். முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்தில் உயர வரம்பு 400 அடி.

உங்கள் சிக்கல் லைசென்ஸ் அல்ல, ஊர். அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி இருக்கிறது, 1992-லிருந்து கடற்படை விமானத் தளம். மைதானம் எவ்வளவு காலியாக இருந்தாலும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் என்ன நிறம் என்று பார்க்காமல் பேட்டரியை மாட்டாதீர்கள். சிவப்பு என்றால் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் ஓரடி உயரம்கூடக் கூடாது. வேலூர்க்காரர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: கோட்டை, தொரப்பாடி சிறை, அப்துல்லாபுரம் விமான நிலையம், மூன்றின் பக்கமும் ஆசைக்காகக்கூடப் போகாதீர்கள்.

லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி உப்பிவிட்டது. இன்னும் பயன்படுத்தலாமா?
– தோல் ஷெட் ஊழியர், ஆம்பூர்

கூடாது. சார்ஜும் போடாதீர்கள். 12 வோல்ட் வண்டி பல்பை மாட்டி, வீட்டுக்கு வெளியே வைத்து மெதுவாக முழுக்க வடியவிட்டு, மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள்.

ஏன் உப்பியது என்பதைச் சொல்கிறேன். கத்திரி வெயிலில் பைக் சீட்டுக்கு அடியில் பேட்டரி இருந்திருக்கும். இல்லாவிட்டால் கடைசிச் சொட்டு வரை பறந்திருப்பீர்கள். பேட்டரிக்குள் இருக்கும் ஒரு செல் 3.5 வோல்ட்டுக்கு வந்ததும் இறக்கிவிட வேண்டும். 2200 எம்.ஏ.எச். கொள்ளளவுள்ள பேட்டரி எஃப்450 டிரோனை எட்டு நிமிடம் தாங்கும், நீங்கள் ஆறு நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். சார்ஜ் 2.2 ஆம்பியருக்கு மேல் போகக்கூடாது, ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு வாரம் பறக்கப் போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைத்து எடுத்து வையுங்கள். நிறைத்து வைத்தாலும் கெடும், காலியாக வைத்தாலும் கெடும்.

ஆடி மாதத்தில் பழகலாமா?
– வாலாஜா

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். விடிந்ததும் ஒரு மணி நேரம் அடங்கியிருக்கும், அதற்குள் முடித்துக்கொள்ளுங்கள். தென்னை ஓலை ஆடத் தொடங்கினால் மூட்டை கட்டிவிடுங்கள்.

தென்னை மரத்து உச்சியில் மாட்டிக்கொண்டது. எப்படி எடுப்பது?
– விவசாயி, அணைக்கட்டு

மாட்டிய நொடியிலேயே டிஸ்ஆர்ம் (மோட்டார் சுற்றாதபடி பூட்டுவது) செய்திருக்க வேண்டும். உலுக்கி விடுவிக்கலாம் என்று திராட்டில் கொடுத்திருந்தால் ஓலைக்குள் சிக்கிய மோட்டார் கருகியிருக்கலாம். இனி கல் எறியாதீர்கள், துரட்டியால் இழுக்காதீர்கள். மரமேறுகிறவரைக் கூப்பிடுங்கள். அவர் ஏறுவதற்கு முன் ரிமோட்டை ஆன் செய்து, திராட்டில் கீழே, டிஸ்ஆர்ம் நிலையில் உங்கள் கையிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் பேட்டரி வயரைப் பிடுங்கச் சொல்லுங்கள், அதற்கப்புறம்தான் அவர் டிரோனில் கை வைக்க வேண்டும். இரண்டு நாள் மேலேயே இருந்திருந்தால் அந்தப் பேட்டரி செத்திருக்கும். மற்றவற்றை வெயிலில் காயவைத்து, றெக்கை இல்லாமல் ஒருமுறை மோட்டார்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.