கையெழுத்து வகுப்புக்குக் கட்டும் பணம் வீண்

கேள்வி: ரெட்டிச்சாவடியில் வசிக்கிறோம். மகன் எல்லைக்கு அந்தப் பக்கம், புதுச்சேரியில் தனியார் சி.பி.எஸ்.இ. பள்ளியில் 7-ஆம் வகுப்பு படிக்கிறான். வாயால் கேட்டால் எல்லாம் சொல்கிறான். எழுதினால் பாதித் தாள் காலி. "டிஸ்கிராபியாவாக (எழுதுவதில் வரும் கற்றல் குறைபாடு) இருக்கலாம், சான்றிதழ் கொண்டு வந்தால் பார்க்கலாம்" என்கிறது பள்ளி. எங்கே போவது? அதுவரை கையெழுத்துப் பயிற்சி வகுப்பில் சேர்க்கலாமா?

பதில்: சேர்க்காதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். முப்பது நாளில் முத்து முத்தான எழுத்து என்று விளம்பரம் செய்கிறவர்கள், எழுத வருகிற பிள்ளையின் எழுத்தைத்தான் அழகாக்குவார்கள். அப்படி இரண்டு வகுப்புகளை முடித்துவிட்டு என்னிடம் வந்த ஒரு சிறுவனை 'கொக்கு' என்று எழுதச் சொன்னேன். முதலில் 'க' போட்டான். இடப்பக்கம் கொம்பு நுழைய இடமில்லை, அழித்தான். மறுபடி கொம்பு, 'க', கால். அதற்குள் கையை உதறிக்கொண்டான். தாளைத் திருப்பினால் பென்சிலின் அழுத்தம் மறுபக்கம் புடைத்து நிற்கிறது. எழுத்தின் வடிவத்தை நினைவுக்குக் கொண்டுவந்து கையைச் செலுத்துவதிலேயே கவனம் தீர்ந்துபோனால், ஐந்து மதிப்பெண் விடைக்கு என்ன மிஞ்சும்? இந்தப் பிள்ளைக்கும் "பத்து முறை எழுதி வா" என்று தண்டனை தருகிற ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சான்றிதழ் வேண்டியது பொதுத்தேர்வுச் சலுகைக்கு. கரும்பலகையில் உள்ளதை அச்சிட்டுத் தருவதற்கும், அறிவியல் தாளில் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் வெட்டாமல் இருப்பதற்கும், மாதத் தேர்வில் கூடுதல் நேரம் தருவதற்கும், சில விடைகளை வாயால் கேட்பதற்கும் தலைமையாசிரியரின் மனம் போதும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 டிஸ்கிராபியாவைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. இவற்றை மனுவாக எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். வாய்ப்பேச்சு மறந்துபோகும்.

இனி மாற்றுத்திறனாளிச் சான்றிதழ். எல்லையோரப் பெற்றோர் இரண்டு பக்கமும் அலைக்கழிக்கப்படுவதை வருடக்கணக்காகப் பார்க்கிறேன், ஆகவே விளக்கமாகவே சொல்கிறேன். பள்ளி எங்கே இருக்கிறது என்பது கணக்கில் இல்லை. நீங்கள் வசிக்கும் இடமே கணக்கு. உங்கள் முகவரி கடலூர் மாவட்டம் என்றால், மாற்றுத்திறனாளிகளின் தேசிய அடையாள அட்டைக்கான (UDID) இணையதளத்தில் அந்த முகவரியிலேயே விண்ணப்பித்து, மஞ்சக்குப்பம் அரசுத் தலைமை மருத்துவமனையில் விசாரியுங்கள். ஒரு விதிவிலக்கு உண்டு. மகன் ஏற்கெனவே ஜிப்மர் போன்ற அரசு மருத்துவமனையில் இதற்காகச் சிகிச்சை பெற்றிருந்தால், அங்கேயே விண்ணப்பிக்க 2017-ஆம் ஆண்டு விதிகள் இடம் தருகின்றன. பழைய ஓ.பி. சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எங்கே வாங்கினாலும் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும். "தமிழ்நாட்டுச் சான்றிதழ் இங்கே செல்லாது" என்று எந்த எழுத்தராவது சொன்னால், அதை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் தர மாட்டார்.

ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டு "குறைபாடு நாற்பது சதவீதம் என்று போட்டுத் தருகிறேன்", "புதுச்சேரி உறவினர் வீட்டுக்கு ஆதாரை மாற்றிவிடுங்கள்" என்பவர்களிடம் பேச்சே வேண்டாம். அட்டை இலவசம். தனியார் உளவியலாளரின் அறிக்கை துணைக்கு உதவும், அதுவே சான்றிதழ் ஆகாது. சான்றிதழ் கைக்கு வந்ததும் அது செல்லுபடியாகும் கடைசித் தேதியைப் பாருங்கள். 10-ஆம் வகுப்புத் தேர்வுக்கு முந்தைய மாதம் காலாவதியானால் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும்.

மூன்று மணி நேரத் தாளுக்கு சி.பி.எஸ்.இ. ஒரு மணி நேரம் கூடுதலாகத் தருகிறது. சொல்வதை எழுத ஆளும் உண்டு. ஆனால் அனுமதிக் கடிதத்தின் நகல் தேர்வறைக்குள் உங்கள் மகன் கையில் இருக்கட்டும். 2021 நீட் தேர்வில் டிஸ்கிராபியா உள்ள மாணவி ஒருவர், தனக்குரிய அந்த ஒரு மணி நேரத்தைத் தேர்வு மையத்தில் இழந்து உச்ச நீதிமன்றம் வரை போக நேர்ந்தது. சட்டம் தெரியாதது மேற்பார்வையாளருக்கு, அலைந்தது மாணவி.

சொல்லி எழுத வைப்பதும் பழக வேண்டிய வேலைதான். அடுத்த ஆண்டு அரையாண்டுத் தேர்வில் ஒரு தாளையாவது அப்படி எழுதிப் பார்க்கட்டும். முதல் முறை எல்லாப் பிள்ளைகளும் வேகமாகச் சொல்லிக்கொண்டே போவார்கள். எழுதுகிறவர் மூன்றாவது வரியில் நின்றுவிடுவார்.