பூங்காவுக்கு எதற்கு டிக்கெட்?

கேள்வி: பிள்ளைகளின் முழுப் பரீட்சை லீவில் நாங்கள் ஐந்து பேர் சிங்கப்பூர் போகிறோம். மாமியாரும் வருகிறார். டிராவல்ஸ்காரர் கொடுத்த கொட்டேஷனில் ‘பொட்டானிக் கார்டன்ஸ் நுழைவு தலைக்கு ரூ.1,500, கார்டன்ஸ் பை தி பே இரவு ஷோ தலைக்கு ரூ.2,000’ என்று இருக்கிறது. அங்கே வேலை பார்க்கும் என் தம்பியோ இரண்டும் இலவசம் என்கிறான். கேட்டால், ‘வெளிநாட்டுக்காரர்களுக்குக் கட்டணம் உண்டு’ என்கிறார் டிராவல்ஸ்காரர். யாரை நம்புவது?
- வாசகி, கீழக்கரை

பதில்: தம்பியை நம்புங்கள். அங்குள்ள தமிழர்கள் பூமலை என்று சொல்லும் பொட்டானிக் கார்டன்ஸுக்குள் போக யாருக்கும் கட்டணம் கிடையாது. காலை 5 மணிக்குத் திறந்தால் நள்ளிரவு வரை திறந்திருக்கும். உள்ளே இருக்கும் ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட் உண்டு. அதிலும் 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். அங்கேதான் வெளிநாட்டுக்காரருக்குக் கூடுதல் விலை. பூமலையைப் பொறுத்தவரை டிராவல்ஸ்காரர் சொன்னதில் உண்மை அவ்வளவுதான்.

கார்டன்ஸ் பை தி பே இரவு ஷோவும் அப்படித்தான். அங்கே சூப்பர்ட்ரீ எனப்படும் இரும்பு மரங்களில் தினமும் இரவு 7.45-க்கும் 8.45-க்கும் பாட்டோடு விளக்கு ஓடும். மரத்தடியில் துண்டை விரித்து மல்லாந்து படுத்துப் பார்ப்பவர்களே அதிகம். டிக்கெட் கேட்க ஆளில்லை. காசு கட்ட வேண்டியது இரண்டு கண்ணாடிக் கூடங்களுக்கும் (ஃபிளவர் டோம், கிளவுட் ஃபாரஸ்ட்), மரங்களுக்கு நடுவே தொங்கும் ஸ்கைவே பாலத்துக்கும். மழை, மின்னல் என்றால் ஸ்கைவேயை மூடிவிடுவார்கள். அதனால் அதற்கு ஊரிலிருந்தே பணம் கட்ட வேண்டாம். கிளவுட் ஃபாரஸ்ட் தாராளமாகப் பார்க்கலாம். கூடத்துக்குள்ளேயே 35 மீட்டர் அருவி விழுகிறது. உள்ளே குளிரும், மாமியாருக்கு ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். தம்பியை விட்டு உள்ளூர் விலையில் டிக்கெட் எடுக்கும் யோசனை வேண்டாம். வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள்.

ஆக, ஐந்து பேருக்கு ரூ.17,500 எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள். எந்த இடம், எந்த டிக்கெட், பெரியவருக்கு எவ்வளவு, பிள்ளைக்கு எவ்வளவு என்று வரி வரியாக வரட்டும். ‘வழிகாட்டி, வண்டி எல்லாம் சேர்த்து’ என்று பேச்சு மாறினால் அதையும் தனித்தனியாகப் போடச் சொல்லுங்கள். பூமலைக்கு வண்டியே தேவையில்லை, வாசலிலேயே எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) ஸ்டேஷன் இருக்கிறது. முன்பணம் கட்டிய பிறகு திருப்பித் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்யுங்கள். அதிலும் தீரவில்லையென்றால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கொட்டேஷன், ரசீது, வாட்ஸ்ஆப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பூமலைப் புல்வெளியில் ஒரு பெரிய தெம்புசு மரம் நிற்கிறது. 5 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நோட்டின் பின்பக்கம் இருப்பது அதுதான். பிள்ளைகள் கையில் நோட்டைக் கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். 1888-இல் அங்கே பொறுப்பேற்ற ரிட்லி என்ற தாவரவியலாளர், மரம் சாகாமல் ரப்பர் பால் எடுக்கும் முறையைச் சோதித்ததும் இதே தோட்டத்தில்தான். நம் பக்கத்துப் பெரியவர்கள் மலாயா ரப்பர்த் தோட்டங்களுக்குக் கப்பலேறிய கதை மாமியாருக்குத் தெரிந்திருக்கும். அவரைப் பேசவிடுங்கள்.

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து ஆர்க்கிட் கன்று வாங்கி வந்து வீட்டில் வைக்கலாமா?
- வாசகர், மண்டபம்

பதில்: வாங்காதீர்கள். இறக்குமதி அனுமதியும் அந்நாட்டுப் பயிர்ச் சுகாதாரச் சான்றும் இல்லாமல் செடியை இங்கே கொண்டுவர முடியாது, ஏர்போர்ட்டிலேயே பிடுங்கிவிடுவார்கள். கடைக்காரர் ‘ஒன்றும் ஆகாது’ என்பார், செடி போனால் காசைத் திருப்பித் தர அவர் வரமாட்டார். ஆசையாக இருந்தால் நம் ஊர் நர்சரியிலேயே டெண்ட்ரோபியம் என்ற ஆர்க்கிட் வகையைக் கேட்டு வாங்கி, உப்புக்காற்று நேராக அடிக்காத பக்கமாக, நிழலில் தொங்கவிடுங்கள்.